தொடுவதற்கு ஒரு சாக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். பெயரில்தான் நகர்; மற்றபடி ஏரி, கழனி, செய்யாற்று மணல், சாலையோர டீக்கடை என்று உத்திரமேரூர் வட்டத்து ஊர்களுக்கு உள்ள அத்தனை லட்சணமும் உண்டு. தைப்பூசத்தன்று பிரம்மபுரீசுவரர் ஆற்றுக்கு எழுந்தருளுவார். சுற்றுப்பக்கத்து ஊர்ச் சாமிகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சாமிகள் சந்தித்துக்கொள்ளும் அந்த மணலில், வளையல் கடைக்கும் பேரீச்சம்பழக் குவியலுக்கும் நடுவே, பாலிதீன் உறை போட்ட கரடிகள் கழியில் தொங்கும். அதில் ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன் என் பெரியம்மா பேரம் பேசி வாங்கினாள். பேரனுக்கு. அவன் நாலு நாள் அதைக் காதைப் பிடித்து இழுத்து விளையாடிவிட்டு அப்பா அம்மாவோடு பெங்களூருக்குப் போய்விட்டான். கரடி பெருநகரிலேயே தங்கிவிட்டது.

பெரியப்பா இறந்த மறு வருஷம், ஒரு வேலையாகக் காஞ்சிபுரம் போனவன் ராத்திரி பெரியம்மா வீட்டில் தங்கினேன். நடுச்சாமத்தில் கரண்ட் போனது. தண்ணீர் குடிக்க எழுந்து செல்போன் வெளிச்சத்தில் கூடத்தைக் கடந்தபோது பார்த்தேன். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மார்போடு அந்தக் கரடி. அதன் மேல் பெரியப்பாவின் பழைய துண்டு. ஒரு கை கரடியின் முதுகில், தட்டிக்கொடுக்கிற வாக்கில் அப்படியே நின்றிருந்தது.

காலையில் கரடியைக் காணோம். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பழுப்புக் காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு கண் உதிர்ந்து, அந்த இடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். உச்சந்தலையில் மட்டும் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டிப்போய், தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. அடுப்படியிலிருந்து வந்தவள் என் கையில் அதைப் பார்த்ததும் சொன்னாள்: "தலகாணி ஒசரம் பத்தலடா. அதான் அண்டக் குடுத்து வச்சிகினு படுக்கறேன்."

நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குவதற்கு அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சட்டமும் அவள் கட்சியில் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருளைத்தான் அதற்கான அரசாணை பொம்மை என்கிறது. (ஆற்றுத் திருவிழாவில் முத்திரையைத் தேடினால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார் என்பது வேறு விஷயம்.) அப்படியானால் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது பொம்மையே இல்லை. வேறு ஏதோ சாமான். அதற்கு நம்மிடம் பெயர் இல்லை.

பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. கட்டிப்பிடிக்கிற பொம்மை நமக்குப் புதுசு. நம்முடையவை எல்லாம் கெட்டி. மரப்பாச்சி, பெயரிலேயே மரம். தஞ்சாவூர்த் தலையாட்டி, தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்க. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக் கூழிலும் களிமண்ணிலும் செய்கிற கொலு பொம்மைகள், படியில் வைத்துக் கும்பிட. இவற்றை அணைத்துக்கொண்டு படுத்தால் மூக்கு உடையும், நம்முடையதோ பொம்மையுடையதோ. மெத்தென்று நம் குழந்தைகளுக்கு வாய்த்தது அம்மாவின் பழம்புடவைதான். தூளி கட்டுவதும் அதில், தூளியைவிட்டு இறங்கிய பிறகு போர்த்திக்கொள்வதும் அதில். சாயம் போய் இளகிய அந்த வாயில் புடவையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்று அடம்பிடித்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. பிரிட்டனின் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1951-ல் இப்படிப்பட்ட துணியையும் கரடியையும் பற்றித்தான் பேசினார். அம்மாவும் இல்லை, அம்மா இல்லாததும் இல்லை, நடுவில் நிற்கிற பொருள் என்றார். நம் ஊரில் அந்தப் பொருள் அம்மாவின் உடம்பிலேயே இருந்தது என்பதால் அதைத் தனியாகக் கடையில் வாங்கத் தோன்றவில்லை.

ஆனால் பெரியவர்கள் பொம்மையைப் பார்த்துக் கலங்குவது நமக்குப் புதுசு இல்லை. ஐங்குறுநூற்றில் பாலைத் திணையைப் பாடியவர் ஓதலாந்தையார். காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்புவதற்கென்றே அதில் பத்துப் பாட்டு இருக்கிறது. ஒரு பாட்டில், மகள் விட்டுப்போன பாவை, அவள் வளர்த்த கிளி, மைனா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிப் புலம்பல். கண்ணில் படும்போதெல்லாம் கலக்கம். பாவையை எடுத்து அணைத்தாளா என்று பாட்டு சொல்லவில்லை. இந்த வயதில் பொம்மையா என்று யாரும் கேட்டதாகவும் இல்லை. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தையின் உடம்பைத் தொடுவது பற்றிப் பேசுகிறார். அதில் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்ற பேச்சு இல்லை. தொடுகிற பெரியவரின் உடம்புக்கு இன்பம் என்கிறார். எனக்குத் தெரிந்து இதை இப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னவர்கள் குறைவு.

நாம் தொடாத ஜாதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ரயிலடியில் மகனை வழியனுப்பும் அப்பா பையைத்தான் தொடுவார், மகனைத் தொடமாட்டார். இதை வைத்துச் சொல்வது. நாம் சும்மா தொடமாட்டோம், அவ்வளவுதான். ஒரு சாக்கு வேண்டும். சாக்கு கிடைத்துவிட்டால் நம்மைப்போலத் தொடுகிறவர்கள் கிடையாது.

பேன் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் திண்ணையில் ஒருத்தி உட்காருவாள். ஒரு படி கீழே இன்னொருத்தி. கீழே இருப்பவளின் தலை மேலே இருப்பவளின் தொடையில் சாய்ந்திருக்கும். வகிடு பிரித்து, விரல் நுனியால் துழாவி, ஒன்று அகப்பட்டதும் இரண்டு நகங்களுக்கு நடுவே டக். அரை மணி, ஒரு மணி போகும். அகப்பட்டது மூன்றோ நாலோ. பேன் போனபிறகும் விரல் தலையைவிட்டுப் போகாது. பார்க்கப்படுகிறவள் பாதித் தூக்கத்தில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பாள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. வைத்தியம் என்றும் யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஜடை பின்னுவது, மருதாணி வைப்பது, சுளுக்கு வழிப்பது, வாசலில் வந்து நின்ற பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிப்பது, நலங்கில் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசுவது. எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு காரியம் இருக்கும், உள்ளே தொடுகை இருக்கும். பாசம் என்ற வார்த்தை வராது.

நலங்கைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெரியப்பா போனதோடு நலங்குப் பாயில் பெரியம்மாவுக்கு இடமில்லை. யாரும் அவளுக்குச் சந்தனம் பூசமாட்டார்கள். அவளும் மணப்பெண்ணின் கன்னத்தில் கை வைக்கக்கூடாது. கைம்பெண்ணிடமிருந்து பூவையும் பொட்டையும் பறிப்பதைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசி வருகிறோம். கூடவே பறிபோகும் தொடுகையைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தொடுகையை வெறும் பாசச் சமாசாரமாக இந்த மண்ணில் எழுதிவிடவும் முடியாது. நம் ஆகப் பெரிய கொடுமைக்கு நாமே வைத்த பெயர் தீண்டாமை. அரசமைப்பின் 17-ஆவது பிரிவு அதை ஒழித்தது. 1955-ல் தண்டிக்கச் சட்டமும் வந்தது. பக்கத்துத் தெருக்காரரைத் தொடாமலிருக்கத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை, தன் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கூசத்தான் செய்யும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னால் ஆகாது. 2004-ல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல் கட்டிப்பிடி வைத்தியம் என்றதும் தியேட்டரே சிரித்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் முதியவரை அவர் கட்டிப்பிடித்தபோது சிரிப்பு நின்றுபோனதையும் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் யாரும் தொடாத உடம்பு எது என்று தியேட்டருக்குத் தெரிந்திருந்தது.

சாக்குகளிலேயே பெரியது சாவு. எங்கள் பக்கத்து ஊர்களில் பெண்கள் நாலு பேர் பார்க்க ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்வது சாவு வீட்டில் மட்டும்தான். சேதி கேட்டு வருகிறவள் தெருமுனையிலேயே குரலெடுப்பாள். உள்ளே இருப்பவள் எழுந்து ஓடிவருவாள். தோளில் தோள் சாய்த்து, முதுகில் கை போட்டு, ஐந்தாறு பேர் வட்டமாகி ஆடி ஆடி அழுவார்கள். பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்கூட அந்த வட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒப்பாரிப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் சொற்களை எழுதிவைத்தார்கள். அந்தக் கைகளை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெரியப்பா சாவில் அதிலும் ஒரு மாற்றம். பிள்ளைகள் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடுகிறது; பெட்டிக்குள் பெரியப்பா. பெரியம்மா முகத்தைத் தொடப் போனாள், கை கண்ணாடியில் இடித்தது. பிறகு ராத்திரி முழுக்க அந்தக் கண்ணாடியை, அவர் கன்னம் இருக்கும் இடமாகப் பார்த்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே குளிர், வெளியே புழுக்கம். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வேர்த்தது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபின் அவளைத் தொடுவதற்கு யாரிடமும் ஒரு சாக்கும் இல்லை.

பேனுக்கு ஷாம்பு வந்துவிட்டது, சுளுக்குக்கு ஸ்பிரே. மருதாணிக்குக் கோன், நலங்குக்கு மண்டபத்தில் போட்டோக்காரர் ஒதுக்கித் தரும் கால் மணி நேரம். பேரன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருகிறான். "பாட்டிக்கு முத்தா குடு" என்று மருமகள் சொல்ல, அவன் அந்தப் பக்கம் திரையை ஈரமாக்குகிறான். இந்தப் பக்கம் இவள் கண்ணாடியைத் துடைக்கிறாள். யார் மீதும் தப்பில்லை. எல்லாரும் வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் தொடுகை விஷயத்துக்கு வந்து சேர்ந்த பாதையில் ஒரு துண்டு இந்தியாவிலிருந்து கிளம்புகிறது. 1950-களில் போலியோ தடுப்பூசிக்கும் ஆராய்ச்சிக்கும் நம் செம்முகக் குரங்குகள் கூண்டு கூண்டாக வெளிநாட்டுக்குக் கப்பலேறின. 1978-ல்தான் நாம் நிறுத்தினோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளருக்கு, வந்து சேரும் குரங்குகள் நோயோடு வருவது தலைவலியாக இருந்தது. தானே வளர்ப்போம் என்று குட்டிகளைப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விட்டார். நோய் வரவில்லை. ஆனால் குட்டிகள் கூண்டின் அடியில் விரித்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டன. துவைக்க எடுத்தால் கத்தின. அதைப் பார்த்துத்தான் இரண்டு பொய்த் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி. இன்னொன்று பூந்துவாலைத் துணி சுற்றியது, பால் கிடையாது. குட்டிகள் பசிக்குக் கம்பித் தாயிடம் போய்க் குடித்துவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. 1958-ல் அவர் இதைச் சொல்லும்வரை, குழந்தை தாயிடம் ஒட்டுவது பாலுக்காகத்தான் என்று பெரிய பெரிய படிப்பாளிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பாட்டி யாரையாவது கேட்டிருக்கலாம், குரங்குகளாவது தப்பித்திருக்கும். இன்னொரு வேடிக்கை: குட்டிகளைப் பயமுறுத்த அவர் கூண்டுக்குள் விட்ட சாமான்களில் ஒன்று சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் பொம்மைக் கரடி.

நம் தோலில், ரோமம் உள்ள இடங்களில், ஒரு வகை மெல்லிய நரம்பு உண்டு. குத்தினாலோ அறைந்தாலோ சொல்வதற்கு வேறு நரம்புகள் இருக்கின்றன. இது வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தடவினால்தான் நன்றாகப் பேசும். பிள்ளையைத் தூங்கவைக்கும் வேகம் அது. தொடுகிற பொருள் தோலின் சூட்டில், 32 டிகிரி செல்சியஸ் அளவில், இருந்தால் இன்னும் நன்றாகப் பேசும். கரடிக்குச் சொந்தச் சூடு கிடையாது. ஆனால் அதன் பஞ்சு, அணைத்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் நம் சூட்டையே நமக்குத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அது செய்வது. பல ராத்திரிகளுக்கு அது போதும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒதுக்கப்பட்ட உணர்வை உண்டாக்கிவிட்டு, சிலரிடம் டெடி பியரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், சிலரை எட்ட நின்று பார்க்கச் சொன்னார்கள். தொட்டவர்கள் பிறகு மற்றவர்களுக்கு உதவக் கூடுதலாக முன்வந்தார்கள். ஒதுக்கப்படாதவர்களிடம் கரடி ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. வயிறு நிறைந்தவனுக்குச் சோற்றின் அருமை தெரியாது என்பதற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.

கரடிக்கு வக்காலத்து வாங்குகிறவன் ஹார்லோவின் கதையில் பின்பாதியை மறைக்கக்கூடாது. துணித் தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிகள் பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு சேரத் தெரியாமல் நின்றன. பெற்ற குட்டியை எடுத்து அணைக்கத் தெரியாத தாய்களும் இருந்தன. துணி தைரியம் கொடுத்தது, பழகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது குட்டிகளின் கதை என்பதும் உண்மை. பெரியம்மா அறுபது வருஷம் பழகி முடித்தவள். அவளுக்குக் கரடி எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கிழவிகளின் சங்கதி என்று ஒதுக்கவும் வேண்டாம். விடியற்காலையில் பெருநகர்ச் சாலையில் நின்றால் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் போகும் கம்பெனி பஸ்களுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையின் ஜிப்பில் கட்டைவிரல் அளவுக் கரடி ஆடிக்கொண்டிருக்கும். இவர்கள் சாயந்திரமோ ராத்திரியோ அம்மாவிடம் திரும்பிவிடுவார்கள். தூர மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் விடுதிக்குத் திரும்புவார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது, 706.50 கோடி ரூபாய்ச் செலவு. நல்ல காரியம். கட்டில், தண்ணீர், காவல் எல்லாம் திட்டத்தில் வரும். ஷிப்ட் முடிந்து வருகிறவள் தலைமாட்டில் எதை வைத்துக்கொள்கிறாள் என்பது திட்டத்தில் வராது, வரவும் வேண்டாம். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மட்டும் வார்டனுக்கும், பிற்பாடு அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

ஜப்பான்காரர்கள் வெட்கத்தைத் தாண்டிவிட்டார்கள். தகனோரி ஷிபாட்டா என்ற பொறியாளர் உருவாக்கிய 'பாரோ' என்ற கடல்நாய்க்குட்டி இயந்திரம் 2005-லிருந்து விற்பனையில் இருக்கிறது. தடவினால் கண் திறக்கும், முனகும். எடை சுமார் 2.7 கிலோ, பிறந்த குழந்தை அளவு. முதலில் பூனை, நாய் என்றுதான் முயன்றார்களாம். வீட்டு நாயோடு ஒப்பிட்டு ஜனங்கள் குறை சொன்னதால், யாரும் மடியில் வைத்துப் பார்த்திராத பிராணிக்கு மாறினார்கள். ஞாபகம் தப்பிய முதியவர்களின் இல்லங்களில் அதை மடியில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2009-ல் மருத்துவச் சாதனம் என்றே அனுமதி கிடைத்துவிட்டது. அப்போது விலை சுமார் 6,000 டாலர். அந்தப் பணத்துக்கு ஆற்றுத் திருவிழாக் கடையையே விலைபேசலாம். எனக்கு அதில் பிடித்தது இயந்திரம் இல்லை. முதியவரின் மடி காலியாக இருப்பதை ஒரு அரசாங்கம் மருத்துவ விஷயமாக ஒப்புக்கொண்டதுதான்.

நம்மிடமும் ஒரு புதுச் சாக்கு முளைத்திருக்கிறது. முளைத்தது யாருக்கும் தெரியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. பெரியம்மா வீட்டுக்கும் ஒரு பெண் வருகிறாள். பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போது முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்வாள். அவள் வருகிற நாளில் பெரியம்மா சீக்கிரம் குளித்துவிடுகிறாள். "பிரஷர் எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டால் தெரியாது. "அந்தப் பொண்ணு கை சில்லுனு இருக்கும்டா" என்கிறாள். எத்தனை வீடு பார்த்தாய், எத்தனை மாத்திரை கொடுத்தாய் என்று கணக்குக் கேட்கிறவர்கள், ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கலாம். அந்த ஐந்து நிமிஷத்தைக் கணக்கில் எழுத ஒரு கட்டம்கூட வேண்டாம்.

போன தைப்பூசத்துக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கரடி; இப்போதெல்லாம் என்னிடம் மறைப்பதில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "பெரிமா, தல காயுது. எண்ண வச்சி விடறியா?" என்றேன். எனக்குத் தலையில் முடியே அதிகம் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எழுந்துபோய்க் கிண்ணியில் எண்ணெய் கொண்டுவந்து, "கீழ படில குந்து" என்றாள். கரடியை எடுத்துத் தூணோரம் வைத்தாள். உச்சியில் ஊற்றி, நாலு விரலால் தட்டி, காதுக்குப் பின்னால் வழித்து, பிடரிவரை இறக்கினாள். வேகம் ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள்தான் இருந்திருக்கும். நடுவில் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஏதோ சொன்னாள். பாதிதான் காதில் விழுந்தது. முடிந்ததும் கையை உதறிப் பார்த்தாள். உள்ளங்கையில் எண்ணெய் மிச்சம் இருந்தது. பழக்கதோஷத்தில் தூணோரம் கையை நீட்டி, கரடியின் உச்சந்தலையில் வழித்துத் தேய்த்தாள்.